கடற்பாசிக் குளிசை வைரஸைக் கொல்லுமா?

கேள்வி: டொக்டர், அம்மாவுக்கு 63 வயது. இதய வால்வு மாற்றி, இரத்தம் உறையாமலிருக்க வோபரின் குளிசை எடுக்கிறா. மாரி தொடங்கினால் தடிமன், இருமல் விடாது. கனடாவிலிருந்து சித்தப்பா கடற்பாசியில் செய்த ஃபுகோய்டன் குளிசைப் போத்தல் ஒன்று அனுப்பியிருக்கிறார், எல்லா வைரஸையும் டெங்குவையும்கூட அழிக்குமாம். கொடுக்கலாமா? இல்லையென்றால் எங்கள் கரையில் ஒதுங்குகிற சாதாளையையே அவித்துக் கொடுக்கலாமா? - வாசகி, வடமராட்சி

பதில்: போத்தலைத் திறக்காதீர்கள். வோபரின் என்ற ஒரு சொல்லே எனக்குப் போதும், ஏன் என்று பிறகு சொல்கிறேன். ஆனால் சித்தப்பா சொன்னது முழுப் பொய்யும் இல்லை.

கடற்பாசியைக் கையில் எடுத்துக் கசக்கினால் வழவழவென்று ஒரு பசை வருமே, விஷயம் முழுக்க அந்தப் பசையில்தான். சிவப்புப் பாசியில் அது கராஜீனன், கபிலப் பாசியில் ஃபுகோய்டன். இரண்டுமே சல்பேட் ஒட்டிய நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள். பல வைரஸ்கள் எங்கள் கலத்துக்குள் நுழைய முதல் அதன் வெளிப்புறத்தில் உள்ள இதே மாதிரியான சங்கிலியில்தான் ஒட்டிப் பிடிக்கும். நடுவில் பாசிப் பசை நின்றால் வைரஸ் ஏமாந்து அதில் ஒட்டிவிடுகிறது. இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை, 1958 இலேயே சிவப்புப் பாசிச் சாறு கோழி முட்டைக் கருவை இன்ஃபுளுவென்சா பி, கூகைக்கட்டு வைரஸ்களிலிருந்து காத்ததாக எழுதிவிட்டார்கள்.

ஆனால் கவனியுங்கள், பசை வைரஸைக் கொல்லவில்லை, வாசலில் மறித்து நிற்கிறது. அப்படியென்றால் வைரஸ் வருகிற வாசலில் அது இருக்கவேண்டும். அதனால்தான் மூக்குக்குள் அடிக்கிற கராஜீனன் ஸ்பிரே கொஞ்சமாவது வேலை செய்கிறது. ஆர்ஜென்டினாவில் கோவிட் காலத்தில் 394 சுகாதாரப் பணியாளர்களை வைத்துப் பார்த்ததில், வெறும் ஸ்பிரே அடித்தவர்களில் 10 பேருக்கும் கராஜீனன் அடித்தவர்களில் 2 பேருக்கும் தொற்று வந்தது. நல்ல செய்திதான், ஆனால் சிறிய எண்கள். இதே கராஜீனனைப் பெண்ணுறுப்பில் பூசுகிற ஜெல்லாக்கி தென்னாபிரிக்காவில் 6,000க்கும் மேற்பட்ட பெண்களை வைத்துப் பார்த்தபோது எச்ஐவியைத் தடுக்கவில்லை. ஆய்வுகூடத்தில் அதே பொருள் எச்ஐவியை அழகாகத் தடுத்தது!

சரி, விழுங்கினால்? இவை பெரிய மூலக்கூறுகள், குடலிலிருந்து இரத்தத்துக்குப் போவது மிகக் கொஞ்சம். டெங்கு வைரஸோ நுளம்பு குத்தினதும் நேரே உடம்புக்குள் இறங்குவது. ஆய்வுகூடத் தட்டில் டெங்குவின் ஒரு வகையை ஃபுகோய்டன் தடுத்ததை வைத்துத்தான் அந்தப் போத்தலில் பெரிய எழுத்து.

இனி வோபரினுக்கு வருவோம். ஃபுகோய்டன், இரத்தம் உறையாமலிருக்க நாங்கள் ஊசியில் போடுகிற ஹெப்பரினின் தூரத்துச் சொந்தம் மாதிரி. இரத்தத்துக்குப் போவது கொஞ்சம் என்றேன்தான், ஆனால் அந்தக் கொஞ்சத்தை வோபரினோடு சேர்த்துப் பரீட்சை பார்க்க உங்கள் அம்மா ஆள் இல்லை. ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் நிறுத்திவிட்டு, அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்காமல் ஐஎன்ஆர் (இரத்தம் உறைய எவ்வளவு நேரமெடுக்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை) பாருங்கள். முரசில் இரத்தம், தார் மாதிரிக் கறுத்த மலம், காரணமில்லாத கண்டல் எது தெரிந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

சாதாளைக் கதையும் வேண்டாம். கரையில் ஒதுங்குவதில் பாதி பாசியே இல்லை, கடற்புல். தோட்டத்துக்குப் பசளையாகத் தாழுங்கள், பயிர் கோபிக்காது. கபிலப் பாசிகளில் அயடீன் கணக்கில்லாமல் இருக்கும், எங்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை 150 மைக்ரோகிராம், சில பாசிகளில் ஒரு கிராமிலேயே அதைப்போல பல மடங்கு. தைரொயிட் குழம்பிப்போகும். சிலவற்றில் ஆர்சனிக்கும் சேரும். கடையில் வாங்கி இனிப்புக்குக் காய்ச்சுகிற கடற்பாசி வேறு விஷயம், அதை ஆசைக்குச் சாப்பிடட்டும், தடிமனுக்கு மருந்தென்று நினைத்தல்ல.

மாரிக்கு முன்னர் இன்ஃபுளுவென்சா தடுப்பூசி போடுவதைப்பற்றி அம்மாவின் கிளினிக்கில் கேளுங்கள். வோபரின் எடுப்பதை ஊசி போடும் தாதியிடம் முன்கூட்டியே சொல்லி, போட்ட இடத்தைத் தேய்க்காமல் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். காய்ச்சல் வந்தால் இவருக்கு முதல் நாளே இரத்தம் சோதிக்கவேண்டும், மூன்று நாள் பார்ப்போம் என்பது வோபரின் எடுக்காதவர்களுக்கு. பரசிட்டமோல் அளவாக, புரூபனும் அஸ்பிரினும் நீங்களாக வாங்கிக் கொடுக்கவே கூடாது.

போத்தலை எறியவேண்டாம், அடுத்த கிளினிக்குக்கு அம்மாவின் கொப்பியோடு கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள். சித்தப்பாவிடம் அடுத்தமுறை நல்ல நுளம்புவலை ஒன்று அனுப்பச் சொல்லுங்கள்.