மகன் லத்வியாவுக்குப் போகிறான்: படைச் சொற்களை ஒரு தாய் எப்படி விளங்கிக்கொள்வது?

கேள்வி: என் மகன் ரொறன்ரோவில் கனடியப் படையின் ரிசேர்வ் பிரிவில் இருக்கிறான். இப்போது ஆறு மாதத்துக்கு லத்வியா போகிறானாம். மருமகளும் பேத்தியும் ஸ்காபரோவில். அவர்களுடைய செய்திகளில் டிப்ளோய்மென்ட், போஸ்டிங், டாக், ரோட்டோ, ரிப் என்று ஏதேதோ வருகிறது. கேட்டால் "ஒண்டுமில்லை அம்மா, பயப்படாதேங்கோ" என்கிறான். நான் கோண்டாவிலில் தனிய இருக்கிறேன். இந்தச் சொற்களுக்கு என்ன அர்த்தம்? எனக்கு ஏதும் நடந்தால் அவனால் வரமுடியுமா?

பதில்: அம்மா, முதலில் அந்த 'ரிப்' (RIP) பற்றிச் சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று ஆங்கில எழுத்துகளை நம் ஊரில் கண்ணீர் அஞ்சலிப் பதாகைகளில்தான் பார்த்திருக்கிறோம். படையில் அவற்றுக்கு வேறு பொருள். பணியில் நிற்கும் அணியிடமிருந்து புதிதாக வந்த அணி பொறுப்பை ஏற்பதைத்தான் அப்படிச் சுருக்கி எழுதுவார்கள். போன புதிதில் மகன் அதை எழுதினால் வேலை தொடங்குகிறது. ஆறாம் மாதத்தில் எழுதினால் வீட்டுக்குத் திரும்பும் ஆயத்தம்.

அடுத்தது 'ஒப்பரேஷன்'. 1987இல் வடமராட்சியிலும் 1995இல் வலிகாமத்திலும் பட்டதற்குப் பிறகு இந்தச் சொல் காதில் விழுந்தாலே நம் தலைமுறைக்கு வயிறு கலங்கும். அது நியாயம்தான். ஆனால் கனடியப் படை தன் ஒவ்வொரு பணிக்கும் ஒப்பரேஷன் என்றுதான் பெயர் வைக்கிறது. காட்டுத்தீயையும் வெள்ளத்தையும் எதிர்கொள்ள உள்நாட்டில் படையினரை அனுப்புவதற்குப் பெயர் ஒப்பரேஷன் லென்டஸ். உங்கள் மகன் போவது ஒப்பரேஷன் ரீஅஷூரன்ஸ் என்ற பணிக்காக இருக்கவேண்டும். 2017இலிருந்து லத்வியாவில் நேட்டோவின் பன்னாட்டுப் படையணியைக் கனடா வழிநடத்துகிறது. தலைநகர் ரீகாவுக்கு அருகே ஆதாஜி என்ற இடத்தில் முகாம். அங்கே சண்டை நடக்கவில்லை. பயிற்சியும், ஆயத்த நிலையில் நிற்பதும்தான் அன்றாட வேலை. என்றாலும் ரஷ்யாவோடு எல்லை உள்ள நாடு அது. ஆகவே ஆபத்தே இல்லை என்று சொல்லி உங்களை ஏமாற்றமாட்டேன்.

டிப்ளோய்மென்ட் என்றால் ஒரு பணிக்காகக் குறித்த காலம் போய்த் திரும்புவது. குடும்பம் இருந்த இடத்திலேயே இருக்கும். போஸ்டிங் என்பது இடமாற்றம். வேலை செய்யும் தளமே மாறும், பெரும்பாலும் மனைவி பிள்ளைகளும் வீட்டுச் சாமான்களும் கூடவே போகும். எனவே மருமகள் 'போஸ்டிங்' என்று சொன்னால் ஸ்காபரோ வீட்டை விடுவதா என்று கேளுங்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு "மகன் குடும்பத்தை விட்டிட்டு வெளிநாட்டிலை தங்கப் போறானாம்" என்று உறவுக்காரர் கதை கட்டியதை நான் கேட்டிருக்கிறேன்.

ரிசேர்வ் என்பது நிரந்தரப் படைக்குத் துணையாக இருக்கும் படை. அதில் உள்ளவர்கள் மூன்று வகுப்புகளில் வேலை செய்வார்கள். மாலையிலும் வார இறுதியிலும் போய்வருவது ஏ வகுப்பு. கனடாவுக்குள் முழுநேரமாகச் செய்வது பி. இப்படியான பணிகளுக்குப் போகும்போது பொதுவாக சி வகுப்பு. அப்போது நிரந்தரப் படையினருக்கு உள்ள சம்பளமே இவருக்கும். ரிசேர்விலிருந்து வெளிநாடு போகிறவர்கள் பொதுவாகத் தாமாக விருப்பம் தெரிவித்தவர்கள். மகனை யாரும் பிடித்து அனுப்பவில்லை என்பது உங்களுக்கு ஆறுதலா கோபமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் தெரிந்திருக்கவேண்டிய விடயம்.

'டாக்' என்பது புறப்படும் முன் நடக்கும் பரிசோதனை. உடல்நலம், பல், உயில், குடும்ப நிலைமை, அவசரத் தொடர்பு எல்லாம் சரியா என்று பார்ப்பார்கள். 'டாக் கிரீன்' என்றால் போகலாம், 'ரெட்' என்றால் ஏதோ குறை இருக்கிறது. ரோட்டோ என்பது அணிகள் மாறி மாறிப் போகும் முறை. லத்வியாவில் ஒரு முறை ஏறக்குறைய ஆறு மாதம். 'சோக்' என்று வந்தால் விமானத்தில் ஒன்றாக ஏறும் குழு. முதல் சோக்கில் போகிறவரும் மூன்றாம் சோக்கில் போகிறவரும் வேறு வேறு நாளில் புறப்படுவார்கள், திரும்புவதும் அப்படித்தான். திகதி மாறும் அம்மா. கட்டாயம் மாறும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவன் வரும் நாளை நம்பிக் கோயில் நேர்த்திக்கோ பேத்தியின் காதுகுத்துக்கோ நாள் குறிக்கவேண்டாம். ஆள் வீட்டுக்கு வந்தபிறகு ஐயரிடம் போகலாம்.

போகும் முன் மகனிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அவசர அறிவித்தல் படிவத்தில் யார் யார் பெயர் இருக்கிறது? ஏதும் நடந்தால் படை தொடர்புகொள்வது அதில் உள்ளவர்களோடுதான். திருமணமானவருக்கு மனைவி பெயர் முதலில் வருவது இயல்பு, அதில் மனம் நோகாதீர்கள். உங்கள் பெயரும் அதில் இருக்கட்டும். இலக்கம் +94 என்று தொடங்கவேண்டும், உங்களுடன் தமிழில் கதைக்கவேண்டும் என்ற குறிப்பும் இருக்கட்டும். பக்கத்தில் இருக்கும், ஆங்கிலம் தெரிந்த ஒருவரின் இலக்கத்தையும் கொடுப்பது நல்லது.

சில நாள் மகனிடமிருந்து ஒரு சத்தமும் வராது. பயிற்சிக்கு வெளிக்களம் போனால் கைத்தொலைபேசி பாவிக்க விடமாட்டார்கள். வேறு யாருக்காவது விபத்து நடந்தாலும், அவருடைய குடும்பத்துக்கு முறைப்படி அறிவிக்கும்வரை முகாமின் தொலைபேசித் தொடர்பையும் இணையத்தையும் நிறுத்திவைப்பதுண்டு. இன்னொரு தாய் பேஸ்புக்கில் அந்தச் செய்தியைப் பார்த்துவிடக்கூடாது என்பதற்காக. ஆகவே மௌனத்தை மகனின் கெடுதி என்று எண்ணவேண்டாம். மருமகளைத் திரும்பத் திரும்ப அழைத்து "ஏதும் தெரியுமோ" என்று கேட்பதால் அந்தப் பிள்ளைதான் இன்னும் துவண்டுபோவாள்.

அவன் எங்கே, எப்போது, எந்த விமானத்தில் என்பதை வாட்ஸ்அப் குழுக்களில் போடாதீர்கள். சீருடைப் படத்தைப் பகிர்வதானாலும் மகனைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இனி நீங்கள் கடைசியாகக் கேட்டது. உங்களுக்குக் கடுமையான வருத்தம் வந்தால் அவன் அவசர விடுப்பு கேட்கலாம். விண்ணப்பம் அவனுடைய மேலதிகாரிகள் ஊடாகப் போகும், படையின் மதகுருவும் உதவுவார். எந்தச் சமயத்தவரும் அவரை நாடலாம். விடயத்தை உறுதிப்படுத்தக் கேட்பார்கள். யாழ் போதனா வைத்தியசாலையில் பார்க்கிறீர்கள் என்றால், உங்களைப் பார்க்கும் வைத்தியரிடம் நிலைமையை ஆங்கிலத்தில் எழுதி, கையொப்பமும் திகதியும் வைத்து வாங்கிக்கொள்ளுங்கள். "அம்மாவுக்குக் கொஞ்சம் சரியில்லை" என்று மறைத்துச் சொல்லும் நம் பழக்கம் இங்கே உதவாது. உண்மை நிலையை உள்ளபடி சொன்னால்தான் அவனால் கேட்கமுடியும்.

அனுமதி கிடைக்கும் என்று யாரும் வாக்குத் தரமுடியாது, கிடைத்தாலும் உரிய நேரத்துக்கு வந்துசேருவான் என்றும் இல்லை. வெளிநாட்டுப் பிள்ளை வரும்வரை இரண்டு மூன்று நாள் உடலை வைத்திருப்பது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. பணியில் நிற்பவனுக்கு அந்த அவகாசமும் போதாமல் போகலாம். கொள்ளி வைப்பது யார் என்று இப்போதே, அவன் போகும் முன்பே, இருவரும் வாய்விட்டுக் கதைத்துவிடுங்கள். கஷ்டமான கதைதான். கதைக்காமல் விட்டால் அந்தக் குற்ற உணர்வை அவன் ஆயுள் முழுக்கச் சுமப்பான்.

கனடாவில் படைக் குடும்பங்களுக்கான வள நிலையங்கள் இருக்கின்றன. மனைவி பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, பெற்றோருக்கும் அவை உரியவை. மருமகள் தன் பகுதி நிலையத்தில் பதிந்துகொள்ளட்டும், உங்கள் கேள்விகளையும் அவள் ஊடாகவே கேட்கலாம்.

கதைக்கும் நேரத்தைப் பொறுத்தவரை இந்த ஆறு மாதமும் உங்களுக்கு இலகுதான். ரொறன்ரோவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஒன்பதரை அல்லது பத்தரை மணி வித்தியாசம். லத்வியாவுக்குக் கோடையில் இரண்டரை, குளிர்காலத்தில் மூன்றரை மணிதான். நீங்கள் இரவு ஒன்பது மணிக்கு அழைத்தால் அங்கே மாலை ஐந்தரை அல்லது ஆறரை. அந்த நேரம் ஒத்துவருமா என்று புறப்படும் முன்பே மகனிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.