எட்டு கஜமா, நாலு கஜமா? கில்ட்டுக்குத் துணி வெட்டும் முன்

கேள்வி: எடின்பரோவில் குடியிருக்கிறோம். ஜூலையில் மகனுக்குப் பட்டமளிப்பு விழா. அவனுக்கு நானே கில்ட் (ஸ்காட்லாந்து ஆண்கள் உடுத்தும் மடிப்புப் பாவாடை) தைத்துக் கொடுக்க ஆசை. ரவிக்கை, சுடிதார் தைத்த பழக்கம் உண்டு. கில்ட் இதுதான் முதல் தடவை. ராயல் ஸ்டூவர்ட் டார்ட்டன் (ஸ்காட்லாந்துக் கட்டம் போட்ட துணி), 16 அவுன்ஸ் கம்பளி, 56 இன்ச் பன்னாவில் 4 கஜம் வாங்கி வைத்திருக்கிறேன். மகனுக்கு இடுப்பு 35, சீட் (பிட்டச் சுற்றளவு) 40, நீளம் 24. துணியை நீளவாக்கில் பிளந்து, இரண்டு பாதியையும் இணைத்து எட்டு கஜக் கில்ட்டாகத் தைப்பதா, பாதியே போதுமா? மடிப்பில் எந்தக் கோடு வெளியே தெரிய வேண்டும்?

பதில்: கத்தரியை இப்போதைக்கு உள்ளேயே வையுங்கள். இன்ச் டேப்பை எடுத்து முதலில் துணியின் செட்டை அளந்துவிடுங்கள். டார்ட்டனில் கோடுகள் ஓர் ஒழுங்கில் ஓடி, மறுபடியும் தொடங்கிய இடத்துக்கே வரும். அந்த ஒரு முழுச் சுற்றுக்குத்தான் செட் என்று பெயர். ராயல் ஸ்டூவர்ட்டில் இதைப் பிடிப்பது சுலபம். அகலமான சிவப்புப் பட்டையின் நடுவில் ஒரு குண்டூசி குத்துங்கள், அடுத்த அகலச் சிவப்பின் நடுவில் இன்னொன்று. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம்தான் செட். 7 இன்ச் என்று வைத்துக்கொண்டு கணக்குச் சொல்கிறேன்; உங்கள் துணியில் கூடக் குறைய இருந்தால் அதைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

புடவைக்குக் கொசுவம் வைக்கும்போது கையளவு பார்த்து மடிக்கிறோம். கில்ட்டில் அப்படி முடியாது. ஒவ்வொரு மடிப்பும் எவ்வளவு துணி விழுங்கும் என்பதைச் செட்தான் சொல்லும். எல்லா மடிப்பிலும் ஒரே கோடு தெரிய வேண்டுமானால் மடிப்புக்குச் சரியாக ஒரு செட், அதாவது 7 இன்ச். பட்டாளத்துக் கில்ட்டுகளில் இந்த முறை அதிகம். அந்தக் காலத்தில் கார்டன் ஹைலேண்டர்ஸ் என்ற ஸ்காட்லாந்துப் படையினருக்கு மடிப்புக்கு மடிப்பு மஞ்சள் கோடு நின்றது. மாறாக, முன்பக்கக் கட்டமே பின்பக்கமும் தொடர்வதுபோல் தெரிய வேண்டுமானால், ஒவ்வொரு மடிப்பும் ஒரு செட் போக, வெளியே தெரியும் அகலத்தையும் சேர்த்து எடுக்கும்.

எட்டு கஜம் என்பது 288 இன்ச். சீட் 40-இல் பாதி, 20 இன்ச், பின்னால் மடிப்புகளுக்கு. முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாக வரும், மடிப்பில்லாத இரண்டு ஏப்ரன்களுக்கும் ஆளுக்கு 20. ஓர மடிப்பு, பக்கவாட்டில் வரும் ஆழமான மடிப்பு எல்லாம் சேர்த்து இன்னொரு 28 வைத்துக்கொள்ளுங்கள். முக்கால் இன்ச் தெரிகிற மாதிரி 27 நைஃப் பிளீட் (எல்லாம் ஒரே பக்கம் சாயும் மடிப்பு) வைத்தால், ஒரே கோட்டு முறைக்குச் சுமார் 257 இன்ச், கட்டம் தொடரும் முறைக்குச் சுமார் 277 இன்ச் ஆகும். ஆக, பிளந்தால் உங்கள் துணி இரண்டுக்குமே போதும்.

ஆனால் பிளப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கில்ட்டுக்குக் கீழே மடித்து அடிப்பதில்லை. துணியின் கரையே கீழ் ஓரம். நீளவாக்கில் பிளந்தால் ஒரு பாதிக்குக் கரை கீழே, மற்றதற்கு மேலே. இரண்டாவது பாதியைத் தலைகீழாகத் திருப்பினால்தான் கரை கீழே வரும். ராயல் ஸ்டூவர்ட் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் திரும்பும் கட்டம் என்பதால் திருப்பினாலும் வரிசை மாறாது. புக்கானன் போன்ற டார்ட்டன்களில் வரிசையே கவிழ்ந்துவிடும். தொழில் பழகிய காலத்தில் நான் ஒரு புக்கானன் துணியை யோசிக்காமல் பிளந்து, இரண்டு பாதியும் சேராமல் ராத்திரி முழுக்க அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். உங்கள் துணியிலும் இரண்டு கரைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கரையிலிருந்து முதல் வெள்ளைக் கோடு வரை உள்ள தூரம் இரண்டிலும் ஒன்றாக இல்லையென்றால், இணைப்பில் குறுக்குக் கோடுகள் சேராது.

அதனால் முதல் கில்ட்டுக்குப் பாதித் துணியே போதும் என்பது என் ஆலோசனை. எட்டு கஜம் இருந்தால்தான் அசல் கில்ட் என்று பலர் சொல்வார்கள். அதை நம்பிப் பயப்படாதீர்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் தையற்காரர்கள் தைத்த முதல் கில்ட்டுகள், நாலு கஜத்தை ஒட்டிய துணியில் பாக்ஸ் பிளீட் (இரண்டு ஓரமும் உள்ளே மடியும் பெட்டி மடிப்பு) வைத்தவைதான். நெருக்கமான நைஃப் பிளீட் பிற்பாடு வந்தது. எடையையும் பாருங்கள். எட்டு கஜத்துக்கு ஏறக்குறைய 1.8 கிலோ, பாதிக்கு 0.9 கிலோ. ஜூலை மாதத்தில், மேலே கோட்டும் அங்கியும் போட்டு நிற்கப்போகிற பிள்ளைக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். நடக்கும்போது பின்பக்கம் அலையலையாக ஆட வேண்டும் என்று மகன் ஆசைப்பட்டால் மட்டும் எட்டு கஜத்துக்குப் போங்கள். அப்போது இணைப்பு, மடிப்பின் உள்மடியில் ஒளிந்திருக்க வேண்டும், செட் எண்ணிக்கையும் அங்கே அறுபடக் கூடாது.

சரி, பாதித் துணியில் எப்படி? அகலம் 28 இன்ச். நீளம் 24, பெல்ட்டுக்கு மேலே ஏறும் பகுதிக்கு 2, ஆக 26 போதும். எட்டு பாக்ஸ் பிளீட், ஒவ்வொன்றும் ஒரு செட், வெளியே தெரிவது இரண்டரை இன்ச். மடிப்புகளுக்கு 56, ஏப்ரன்களுக்கு 40, ஓரங்களுக்கு 25, மொத்தம் 121. உங்களிடம் இருப்பது 144. மிஞ்சுவதை வெட்டிவிடாமல், உள் ஏப்ரனின் ஓரத்தில் மடித்து விடுங்கள். இந்த வயதுப் பிள்ளைக்குப் பிற்பாடு இடுப்பு கூடலாம்.

அப்புறம் கோடு. அகலச் சிவப்பை மடிப்பின் நடுவில் வைத்தால் பின்பக்கம் முழுக்கச் சிவப்பாகி, குறுக்குக் கோடுகள் மட்டும் மிஞ்சும். எனக்கு அது பிடிப்பதில்லை. சிவப்புக்கு நடுவே, இருபுறமும் மெல்லிய கறுப்புக் கோடு காவல் நிற்க, தனியாக ஓடும் வெள்ளைக் கோட்டை நடுவில் வையுங்கள். (மஞ்சளுக்குப் பக்கத்தில் ஓடும் வெள்ளை வேறு, அது வேண்டாம்.) இரண்டரை இன்ச்சில் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, அதைத் தாண்டிப் பச்சைப் பட்டை வரை தெரியும், மடிப்பின் விளிம்பு பச்சை முடியும் இடத்தில் விழும். நீலமும் மஞ்சளும் அகலச் சிவப்பும் உள்ளே இருந்து, அவன் நடக்கும்போது எட்டிப் பார்க்கும்.

முன் ஏப்ரனுக்கும் அதே வெள்ளைதான் நடு. 20 இன்ச்சில் ஓரம் நடுவிலிருந்து 10 இன்ச்சில் வரும். அங்கே அகலச் சிவப்பு இருப்பதால், நூல் பிரித்துக் குஞ்சம் விடும் ஓரம் அமைதியாக இருக்கும். சிவப்பை நடுவில் வைத்தால் வெள்ளைக் கோட்டுக்கு அரை இன்ச் முன்னால் ஏப்ரன் முடிந்து, கோட்டை அறுத்துவிட்டதுபோல் தெரியும்.

சீட்டிலிருந்து இடுப்புக்கு மடிப்புகள் குறுக வேண்டும். 20 இன்ச் பதினேழரை ஆவதற்கு, ஒவ்வொரு மடிப்பிலும் பக்கத்துக்கு ஒரு நூலுக்கு (அரைக்கால் இன்ச்சுக்கு) சற்று அதிகமாகப் பிடித்தால் போதும். இரண்டு பக்கமும் சமமாகப் பிடியுங்கள். இல்லையென்றால் வெள்ளைக் கோடு சாய்ந்துவிடும். இந்தத் தையல் இடுப்பிலிருந்து சுமார் 8 இன்ச் கீழே வரை, கையால், நெருக்கமாக.

எதையும் வெட்டுவதற்கு முன் நாலு மடிப்பை மட்டும் குண்டூசியால் குத்தி, ஓட்டுத்தையல் போட்டு, துணியை நாற்காலி முதுகில் தொங்கவிட்டுப் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். வெள்ளைக் கோடுகள் நேராகக் கீழே இறங்கினால் கத்தரியை எடுக்கலாம். மற்றப் பாதியை மடித்து வைக்காமல் குழாய்போல் சுருட்டி வையுங்கள். அப்பாவின் இடுப்பளவையும் இப்போதே குறித்துக்கொண்டால் அடுத்த கில்ட்டுக்கு ஆகும்.