கரண்ட் போனால் சோலாரும் நிற்கிறது, ஜெனரேட்டரோடு சேர்க்கலாமா?

கேள்வி: ஹட்டனில் சிறிய விடுதி நடத்துகிறோம். கூரையில் 5 கிலோவாட் சோலார், பின்கட்டில் 5 கேவிஏ டீசல் ஜெனரேட்டர். மின்தடையின்போது ஜெனரேட்டர் லைனிலேயே சோலாரையும் கொடுத்தால் டீசல் மிச்சமாகுமா?

பதில்: தயவுசெய்து கொடுக்காதீர்கள். லைன் செத்ததும், சோலார் கரண்டை வீட்டுக் கரண்டாக்கும் இன்வேர்ட்டர் இரண்டு விநாடிக்குள் நிற்பது பழுதல்ல. நிற்காவிட்டால் சோலார் கரண்ட் செத்த லைனுக்குள் பாயும். காற்றுக்கு மரம் சாய்ந்து அறுந்த கம்பியைக் கட்டக் கம்பத்தில் ஏறுபவரின் உயிர் அதில்தான் இருக்கிறது.

ஜெனரேட்டர் கரண்டைப் பார்த்து இன்வேர்ட்டர் ஓடத் தொடங்கினால் சிக்கல் வேறு. உச்சி வெயிலில் சோலார் 4 கிலோவாட் தருகிறது, விடுதிக்குத் தேவை ஒன்றரைதான் என்று வையுங்கள். மிச்சம் இரண்டரை ஜெனரேட்டருக்குள்ளேயே திரும்பும். எஞ்சின் வேகம் கூடும், வோல்டேஜ் ஏறும், வோல்டேஜைச் சீராக வைக்கும் ஏவிஆர் கருகலாம், பிரிட்ஜும் போகலாம்.

இப்போதுள்ள இன்வேர்ட்டருக்குச் சரியான இணைப்பு இதுதான்: மெயினிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்சின் மெயின் பக்கத்தில் சோலார், மறுபக்கத்தில் ஜெனரேட்டர் மட்டும். சுவிட்சின் நடுவில் ‘ஓஃப்’ நிலை இருக்கவேண்டும். நியூட்ரலும் சேர்ந்து மாறவேண்டும். சிங்கிள் பேஸுக்கு இரண்டு போல் (இரண்டு கம்பிகளை ஒன்றாக மாற்றும் வகை), த்ரீ பேஸுக்கு நான்கு. நியூட்ரலைப் பொதுவாக விட்டால் ட்ரிப் சுவிட்ச் காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும்.

தடையிலும் வெயிலைப் பயன்படுத்த, லைன் இல்லாமலும் பற்றரியோடு ஓடும் ஹைப்ரிட் இன்வேர்ட்டரும் பற்றரியும் வேண்டும். 51.2 வோல்ட், 100 ஆம்பியர் மணி லித்தியம் பற்றரியில் 5.12 யூனிட் (கிலோவாட் மணி) உண்டு. முழுதும் காலியாக்கக் கூடாது, மாற்றும்போது இழப்பும் உண்டு என்பதால் கைக்கு வருவது ஏறத்தாழ 3.7. பிரிட்ஜ், விளக்கு, ரூட்டர், டிவி சராசரி 500 வாட் என்றால் ஏழு மணி நேரம் தாங்கும். சுடுநீர் ஹீட்டரை இந்த லைனில் போடவே கூடாது. பூஜ்ஜியம் பாகைக்குக் கீழே இந்தப் பற்றரியைச் சார்ஜ் செய்தால் கெட்டுவிடும். நுவரெலியாப் பக்கம் தை மாதம் உறைபனி விழும் இடங்களில் வெளிச்சுவரில் மாட்டாமல் அறைக்குள் வையுங்கள்.

மே தொடங்கி மழையும் மூட்டமுமாக நாட்கள் போகும்போது ஜெனரேட்டரின் துணை வேண்டும். அதை ஹைப்ரிட்டில் ஜெனரேட்டருக்கென்றே உள்ள முனையில் மட்டும் இணையுங்கள். 5 கேவிஏ என்றால் 4 கிலோவாட். ஹட்டன் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவதால் மூன்றரைதான் எதிர்பார்க்கலாம். ஆகவே சார்ஜ் அளவை 20 ஆம்பியரில், அதாவது ஒரு கிலோவாட்டில் நிறுத்துங்கள்.

பற்றரியைத் தடைக்கு மட்டும் வைத்திருப்பது வீண். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், தேவை குறைந்து பகலில் மின்சாரம் மிஞ்சியதால், கூரைச் சோலார்களைப் பிற்பகல் 3 மணிவரை நிறுத்திவைக்கும்படி இலங்கை மின்சார சபை கேட்டது. வெயில் இறங்கிய பின் அதே வலையமைப்பைக் காசல்ரீ, மவுசாக்கலை போன்ற நீர்த்தேக்கங்களின் நீரும் நிலக்கரியும் எண்ணெயும்தான் தாங்குகின்றன. எனவே பகல் 10 முதல் 3 வரை பற்றரியை நிரப்புங்கள், மாலை 6.30 முதல் 10.30 வரையான உச்ச நேரத்தில் பாதியைச் செலவழித்து, மீதியைத் தடைக்கு ஒதுக்குங்கள். இன்வேர்ட்டரை மாற்றுமுன் உங்களுக்கு மின்சாரம் வழங்கும் நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி பெறுங்கள். உங்கள் சோலார் ஒப்பந்தம் பழைய இன்வேர்ட்டரின் பெயரில் இருக்கிறது.