ஷார்த்ர் பேராலயம்: பிள்ளைகளோடு போனால் எதைப் பார்ப்பது?

கேள்வி: ஜூலையில் குடும்பத்தோடு பாரிஸ் போகிறோம். ஒரு நாள் ஷார்த்ர் பேராலயத்துக்கும் போய்வர ஆசை. 7, 11 வயதில் இரண்டு பிள்ளைகள். கூட வரும் மாமியாருக்கு முழங்கால் வலி. பிள்ளைகளுக்குச் சலிப்புத் தட்டாமல் எப்படிப் பார்ப்பது?

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள். பாரிஸின் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து ஷார்த்ர் ஊருக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று கூடுதலாகும். ஷார்த்ர் நிலையத்தில் இறங்கினால் பேராலயம் பக்கம்தான். ஆனால் கொஞ்சம் ஏற்றம், மாமியாரை அவசரப்படுத்த வேண்டாம்.

முடிந்தால் வெள்ளிக்கிழமையாகப் பார்த்துப் போங்கள். தரையில் 13ஆம் நூற்றாண்டில் பதித்த சுழல்பாதை ஒன்று இருக்கிறது. மற்ற நாட்களில் அதன்மேல் நாற்காலிகள் கிடக்கும், கோடைகால வெள்ளிக்கிழமைகளில் எடுத்துவிடுவார்கள். குறுக்களவு 13 மீட்டர்தான், ஆனால் வளைந்து வளைந்து நடுவை அடைய 260 மீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். ஒரே வழி என்பதால் பிள்ளைகள் தொலைந்துபோக மாட்டார்கள். வேண்டிக்கொண்டு நடப்பவர்களும் இருப்பார்கள், ஓட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அப்புறம், கட்டாயம் ஒரு பைனாகுலர். இங்கே 170க்கும் மேற்பட்ட வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் உண்டு. எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் பெரியவர்களுக்கே தலை சுற்றும். இரண்டு மூன்று போதும். நுழைந்ததும் இடப்பக்கச் சுவரில் பைபிளில் வரும் நோவாவின் ஜன்னலைத் தேடச் சொல்லுங்கள். பேழை, விலங்குகள், வெள்ளம் எல்லாம் அதில் கதையாக ஓடும். புத்தகம்போல மேலிருந்து படிக்கக் கூடாது, கீழிருந்து மேலே போக வேண்டும். ஜன்னலின் அடியில் உள்ள படங்களில் தச்சர்களும் பீப்பாய் செய்பவர்களும் வேலை செய்துகொண்டிருப்பார்கள். எதிர்ப்பக்கம், அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியனின் பைபிள் கதையைச் சொல்லும் ஜன்னலின் அடியில் செருப்புத் தைப்பவர்கள். 800 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த உழைப்பாளிகளை இவ்வளவு பக்கத்தில் பார்ப்பது எனக்கு இன்றும் சிலிர்ப்பாக இருக்கிறது. 1939இல் போருக்குப் பயந்து இந்தக் கண்ணாடிகளைக் கழற்றிப் பத்திரப்படுத்தி, பிறகு திரும்ப மாட்டினார்கள். பெரிய பிள்ளைக்கு அதைச் சொல்லுங்கள்.

வெளியே வந்ததும், இரண்டு கோபுரங்களும் ஏன் ஒன்றுபோல இல்லை என்று கேளுங்கள். தெற்கிலுள்ள எளிமையான கோபுரம் 12ஆம் நூற்றாண்டு. வடக்குக் கோபுரத்தின் உச்சி 1506இல் இடி விழுந்து எரிந்தபின், அன்றைய பாணியில் நுணுக்கமான வேலைப்பாட்டோடு எழுப்பியது.

கோபுரம் ஏறுவது மாமியாருக்கு வேண்டாம், குறுகலான சுழல் படிக்கட்டு. அவர் உள்ளே உட்கார்ந்திருக்கட்டும். ஜூலையிலும் உள்ளே குளிர்ச்சியாக இருக்கும் என்பதால் ஒரு சால்வை கொடுத்துவிடுங்கள்.

பேராலயத்துக்குள் போகக் கட்டணம் இல்லை. பூசை நேரத்தில் மட்டும் சுற்றிப் பார்ப்பதைத் தவிருங்கள்.

மாலை ரயிலுக்குக் கிளம்புமுன் இன்னொருமுறை உள்ளே போய், மேற்கு வாசலுக்கு மேலே திரும்பிப் பாருங்கள். 1194ஆம் ஆண்டுத் தீயில் தப்பிய மூன்று ஜன்னல்கள் அங்கே இருக்கின்றன. சாயும் வெயில் பட்டால் அந்த நீலம் பற்றிக்கொள்ளும்.