மணி அடித்தால் மேசைக்கு அடியில்

கேள்வி: என் 5 வயது மகன் வகுப்பில் மணி அடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுகிறான். மற்ற நேரத்தில் நாற்காலியை ஆட்டுகிறான், சட்டைக் காலரைக் கடிக்கிறான். அடங்காத பிள்ளை என்கிறார் ஆசிரியை. இது ஏதாவது நோயா டாக்டர்?

பதில்: நோய் என்றும் வேண்டாம், அடங்காத பிள்ளை என்றும் வேண்டாம். மணிச் சத்தம் அவனுக்கு அளவுக்கு மீறிக் கேட்கிறது. உடல் அசைவோ போதாமல் இருக்கிறது. ஒரே குழந்தையிடம் ஒரு புலன் கூர்மையாகவும் இன்னொன்று மந்தமாகவும் இருப்பது சகஜம்தான். ஐம்புலன்களோடு கணக்கு முடிவதில்லை. சமநிலையைக் காதின் உட்பகுதி உணர்கிறது, அழுத்தத்தைத் தசைகளும் மூட்டுகளும் உணர்கின்றன. ஆட்டுவதும் கடிப்பதும் பெரும்பாலும் இவற்றுக்கு அவனே தேடிக்கொள்ளும் தீனி.

ஆசிரியையிடம் ஒன்று கேளுங்கள். மணிக்கு ஒரு நிமிடம் முன்பு அவன் பக்கத்தில் வந்து, "இப்போ மணி அடிக்கும்" என்று சொன்னால் போதும். சத்தத்தைவிட அது திடீரென்று வருவதுதான் பல குழந்தைகளை மிரட்டுகிறது. காதுமூடியை அந்த நேரத்துக்கு மட்டும் கொடுக்கலாம். நாள் முழுக்க மாட்டிவிட்டால் சாதாரணப் பேச்சுச் சத்தம்கூடப் பொறுக்காமல் போகலாம்.

அப்புறம், அவன் கால் தரையில் படுகிறதா? தொங்கும் காலோடு எந்தக் குழந்தையாலும் அசையாமல் உட்கார முடியாது. ஒரு சின்னப் பலகை போட்டாலே பாதி ஆட்டம் குறையலாம். எழுத உட்காரும் முன் நோட்டுக் கட்டைத் தூக்கி வரச் சொல்லலாம், நாற்காலிகளைத் தள்ளி அடுக்கச் சொல்லலாம்; தசைகள் தேடும் அழுத்தம் அதில் கிடைக்கும். தண்டனை என்று விளையாட்டு நேரத்தை மட்டும் வெட்டவே கூடாது. இவனுக்கு அது மருந்தை நிறுத்துவது மாதிரி. வகுப்பில் அமைதியான ஒரு மூலை இருந்தால் நல்லது, ஆனால் அழுது ஓய்ந்த பிறகு அனுப்பிப் பயனில்லை. முகம் சுருங்கும்போதே அனுப்ப வேண்டும். குழந்தையை அமைதிப்படுத்தும் என்று சொல்லப்படும் எடை வைத்துத் தைத்த சட்டைகளுக்குத் தெளிவான ஆதாரம் இல்லை, காசை வீணாக்காதீர்கள்.

சத்தம் பொறுக்காததை மட்டும் வைத்து ஆட்டிசம் என்று முடிவு கட்ட முடியாது. பேச்சு தாமதம், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமை, மற்ற குழந்தைகளோடு சேராமை இவையும் இருந்தால் தள்ளிப்போடாமல் குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். எப்படியானாலும் ஒருமுறை செவித்திறன் பரிசோதனை செய்துவிடுங்கள். தேவைப்பட்டால் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாடச் செயல்களைச் சமாளிக்கப் பயிற்சி தரும் நிபுணர், உதவுவார்.

காலரைக் கடிப்பதோடு நின்றால் சரி. மண், காகிதம் என்று விழுங்கவும் செய்தால் இரும்புச்சத்துக் குறைவா என்று ரத்தப் பரிசோதனை அவசியம்.