அபா பாட்டு கேட்கப் போன மாலை

கேள்வி: அம்மாவுக்கு 70 வயது நிறைந்ததைக் கொண்டாட, குடும்பமாக லண்டனில் மம்மா மியா மியூசிக்கலுக்குப் போனோம். கொழும்பில் வேலை பார்த்த காலத்தில் வானொலியில் கேட்டுக் கேட்டே அபா என்ற சுவீடன் பாட்டுக் குழுவின் பாட்டுகளை மனப்பாடம் செய்தவர் அம்மா. ‘அப்பா பாட்டு’ என்றுதான் சொல்வார். அந்த நால்வரும் எப்படிச் சேர்ந்தார்கள், ஏன் பிரிந்தார்கள் என்று மேடையில் காட்டுவார்கள் என நினைத்தோம். போய் உட்கார்ந்தால் கிரேக்கத் தீவில் ஒரு கல்யாண வீடு! இருக்கையோ உச்சி மாடியின் ஓரத்தில். கண்ணுக்கு நேரே ஒரு கம்பி. இணையத்தில் தேடியதும் முதலில் வந்த தளத்தில் டிக்கெட் ஒன்றுக்கு 92 பவுண்டு கொடுத்து நான்கு வாங்கியிருந்தேன். கைக்கு வந்த டிக்கெட்டில் விலை 39 பவுண்டு என்று இருக்கிறது. பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா? (ஈஸ்ட் ஹாம் வாசகி)

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு வருத்தங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்றுக்குப் பணம் கேட்க வழியில்லை. மற்றதற்குக் கட்டாயம் கேட்க வேண்டும், விடாதீர்கள்.

முதலில் கதை. மம்மா மியா அபா குழுவின் வரலாறு அல்ல. 1999 ஏப்ரல் 6 அன்று லண்டன் பிரின்ஸ் எட்வர்ட் அரங்கில் தொடங்கிய நாளிலிருந்தே அப்படித்தான். (1974இல் இதே ஏப்ரல் 6ஆம் தேதிதான் பிரைட்டனில் நடந்த யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் ‘வாட்டர்லூ’ பாடி அபா வென்றது.) குழுவின் பாட்டுகள் 20க்கு மேல் எடுத்துக்கொண்டு, அவற்றுக்குப் பொருந்துகிற மாதிரி கேத்தரின் ஜான்சன் புதுக்கதை ஒன்றை எழுதினார். கல்யாணம் நெருங்கிய சோஃபி, தன் அம்மா டோனாவின் பழைய டைரியைப் படிக்கிறாள். தன் அப்பாவாக இருக்கக்கூடியவர்கள் மூன்று பேர் என்று தெரிந்ததும் மூவருக்கும் அழைப்பு அனுப்பிவிடுகிறாள். அந்த வகையில் உங்கள் அம்மா வைத்த பெயர் பொருத்தம்தான்! கதைக்குள் வருகிற ஒரே பாட்டுக் குழு, டோனாவும் இரண்டு தோழிகளும் இளமையில் நடத்தியதாகச் சொல்லப்படும் கற்பனைக் குழு. அபாவின் பியோர்னும் பென்னியும் இந்த நாடகத்தின் உருவாக்கத்தில் பங்கெடுத்தவர்கள். ஆனால் அவர்கள் வாழ்க்கை மேடைக்கு வரவில்லை.

இப்படிப்பட்ட நாடகங்களை ஜூக்பாக்ஸ் மியூசிக்கல் என்பார்கள். காசு போட்டுப் பாட்டைத் தேர்ந்தெடுக்கும் பெட்டிதான் ஜூக்பாக்ஸ். ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிந்த பாட்டுகளைக் கொண்டு கட்டிய நாடகம் என்பதால் இந்தப் பெயர். இதில் இரண்டு வகை. பாட்டை எடுத்துப் புதுக்கதை சொல்வது ஒன்று. பாடியவர்களின் கதையையே சொல்வது இன்னொன்று. நீங்கள் எதிர்பார்த்தது இரண்டாவது. அதற்கு நல்ல உதாரணம் ஜெர்சி பாய்ஸ். 2005இல் நியூயார்க்கின் பிராட்வேயில் தொடங்கி 2017 வரை ஓடி, 2006இல் சிறந்த மியூசிக்கலுக்கான டோனி விருது வாங்கியது. ஃபோர் சீசன்ஸ் (நான்கு பருவங்கள்) என்ற பாட்டுக் குழுவின் நால்வரும் ஆளுக்கொரு பருவமாகத் தங்கள் கதையைச் சொல்வார்கள். ஒருவர் சொன்னதை அடுத்தவர் மறுப்பார். மம்மா மியாவின் அதிகாரபூர்வத் தளத்திலேயே கதைச் சுருக்கம் இருப்பதால், ‘நான் நினைத்த கதை இல்லை’ என்று பணம் கேட்க முடியாது. இணையத்தில் வாங்கும் பொருளை 14 நாளுக்குள் திருப்பும் உரிமையும் இங்கே செல்லாது. குறிப்பிட்ட தேதியில் நடக்கும் பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளுக்கு அந்த விதியில் விலக்கு உண்டு.

இனி இருக்கைக்கு வருவோம். வாங்கியதும் வந்த மின்னஞ்சலைத் திறந்து கடைசி வரி வரை படியுங்கள். டிக்கெட்டை விற்பவர் வேறொருவர், தளம் வெறும் இடைத்தரகர் என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறதா? இருந்தால் அது மறுவிற்பனைத் தளம். பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, மறுவிற்பனை டிக்கெட்டின் பகுதி, வரிசை, இருக்கை எண், அச்சிட்ட விலை எல்லாவற்றையும் வாங்குமுன்னே சொல்லியாக வேண்டும். இந்தக் கடமை விற்பவருக்கும் உண்டு, தளத்துக்கும் உண்டு. 39 பவுண்டு டிக்கெட் என்பதையோ கம்பி மறைக்கும் என்பதையோ உங்களுக்குச் சொல்லவில்லை என்றால், அந்த இரண்டையும் பிடித்துக்கொண்டு எழுதுங்கள். ஃபோனில் பேசாதீர்கள், எழுத்தில் கேளுங்கள். இருக்கையிலிருந்து எடுத்த படம் இருந்தால் (நாடகம் தொடங்குமுன் எடுத்ததாக இருக்கட்டும்) அதையும், டிக்கெட்டையும், பணம் கட்டிய ரசீதையும் சேர்த்து அனுப்புங்கள்.

தளம் கைவிரித்தால் வங்கி. கிரெடிட் கார்டில் வாங்கினால் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆவது பிரிவு காப்பாற்றும் என்று பலர் நம்பியிருக்கிறார்கள். அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வாங்கிய ஒவ்வொரு பொருளின் விலையும் 100 பவுண்டைத் தாண்ட வேண்டும். உங்கள் மொத்தம் 368 பவுண்டு ஆனாலும் டிக்கெட் ஒன்று 92தான். அதனால் அந்தக் கதவு உங்களுக்குத் திறக்காது. இடையில் தரகர் இருந்தால் 100க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கும் வங்கி தகராறு செய்யலாம். உங்களுக்கு உள்ள வழி சார்ஜ்பேக், அதாவது கார்டில் கட்டிய பணத்தை வங்கி மூலம் திருப்பிக் கேட்பது. டெபிட் கார்டுக்கும் இது உண்டு. இது சட்டம் தந்த உரிமை அல்ல, கார்டு நிறுவனங்களின் ஏற்பாடு. பெரும்பாலும் 120 நாள் கெடு. ‘சொன்னது ஒன்று, தந்தது வேறு’ என்ற காரணத்தைக் காட்டி இந்த வாரமே கேளுங்கள். வங்கியும் இழுத்தடித்தால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்பின் நுகர்வோர் உதவி எண் 0808 223 1133, அழைப்புக்குக் காசில்லை.

நானும் ஒருமுறை இப்படி ஒரு தளத்தில் மாட்டியிருக்கிறேன். அக்கா ஊரிலிருந்து வந்திருந்தாள். அவசரத்தில் வாங்கினேன். கிராண்ட் சர்க்கிள் என்ற மேல்மாடியின் ஓரத்தில், பாதுகாப்புக் கம்பி மேடையைச் சரியாக நடுவில் வெட்டியது. அக்கா முன்னால் சாய்ந்தால் பின்வரிசைக்காரருக்கு மறைக்கும், நிமிர்ந்தால் அவளுக்குத் தெரியாது. இடைவேளை வரை அவள் வாய் திறக்கவில்லை. ‘நல்லாத்தான் இருக்கு’ என்று எனக்காகச் சொன்னாளே, அதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது. பணம் திரும்பி வந்துவிட்டது. அந்த முதல் பாதியை அவளுக்கு யார் திருப்பித் தருவது?

கேள்வி: அபா குழுவை ‘நேரிலேயே’ பார்க்கலாம் என்று ஒரு விளம்பரம், ‘அபா இரவு’ என்று உள்ளூர் மண்டபத்தில் இன்னொன்று, மம்மா மியா வேறு. கல்யாண நாளுக்கு மனைவியை எதற்கு அழைத்துப் போகலாம்? எங்கே வாங்கினால் நியாயமான விலை? (லெஸ்டர் வாசகர்)

பதில்: மூன்றும் மூன்று வேறு சரக்கு.

‘நேரிலேயே’ என்பது அபா வாயேஜ். கிழக்கு லண்டனில் ஒலிம்பிக் பூங்காவை ஒட்டி, புடிங் மில் லேன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், இதற்கென்றே கட்டிய 3,000 பேர் கொள்ளும் அரங்கில் 2022 மே 27 முதல் நடக்கிறது. அங்கே பாடுவது நால்வரின் டிஜிட்டல் உருவங்கள். நால்வரும் உணர்கருவி உடை அணிந்து ஆடிப் பாடியதைப் பதிவுசெய்து, 1970களின் தோற்றத்தில் அவர்களை வரைந்திருக்கிறார்கள். வாத்தியக்காரர்களும் துணைப் பாடகர்களும் மட்டும் நிஜ ஆட்கள். கதை கிடையாது, இது கச்சேரி. டிக்கெட்டில் நின்று ஆடும் தளமா, இருக்கையா என்று பார்த்து வாங்குங்கள். முட்டி வலி உள்ளவர்களுக்கு நின்றுகொண்டே பார்க்கும் டிக்கெட் தண்டனை. உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள்.

உள்ளூர் மண்டபத்தில் நடப்பது அபா மாதிரி உடுத்திப் பாடும் வேறு கலைஞர்களின் நிகழ்ச்சி. விலை குறைவு, நன்றாகப் பாடுகிறவர்களும் இருக்கிறார்கள். போஸ்டரில் ‘ட்ரிப்யூட்’ (அசல் குழுவைப் போலப் பாடுவது) என்ற சொல் எங்கே, எவ்வளவு சிறிதாக இருக்கிறது என்று மட்டும் கவனியுங்கள்.

கல்யாண நாளுக்கு என்றால் நான் மம்மா மியாவுக்கே ஓட்டுப் போடுவேன். மகளுக்குக் கல்யாண உடை அணிவிக்கும்போது அம்மா பாடும் பாட்டு ஒன்று உண்டு. பிள்ளை கைநழுவி வளர்ந்துபோனதைப் பற்றியது. பெண்ணைக் கட்டிக் கொடுத்த எந்த வீட்டுக்காரராலும் அதைக் கல்லாக உட்கார்ந்து கேட்க முடியாது. கதை முடிந்ததும் பளபளக்கும் உடையில் எல்லாரும் திரும்பி வந்து பாட, அரங்கமே எழுந்து ஆடும். நடுவில் கூடப் பாடாமல் அதுவரை பொறுத்திருப்பதே பக்கத்து இருக்கைக்காரருக்கு நீங்கள் செய்யும் மரியாதை.

2012 முதல் இது லண்டன் ஆல்ட்விச்சில் உள்ள நோவெல்லோ அரங்கில் ஓடுகிறது. 1905இல் கட்டிய கட்டடம். பழைய கட்டடத்துக்கே உரிய குறுகலும் செங்குத்தும் உண்டு. தரைத்தளம் ஸ்டால்ஸ், அதற்கு மேல் டிரெஸ் சர்க்கிள், அதற்கும் மேல் கிராண்ட் சர்க்கிள். ஸ்டால்ஸின் கடைசி வரிசைகளில் தலைக்கு மேல் மாடி நீண்டிருக்கும். அந்த விலைக்கு டிரெஸ் சர்க்கிளின் நடுப்பகுதி கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். மாடிகளின் முதல் வரிசை எப்போதும் நல்லது என்று நினைக்காதீர்கள், கம்பி அங்கேதான் இருக்கும்.

வாங்குவதற்கு முதல் இடம் நாடகத்தின் அல்லது அரங்கத்தின் சொந்தத் தளம். தேடலில் மேலே வருவது பலமுறை விளம்பரம்தான், கொஞ்சம் கீழே இறங்கிப் பாருங்கள். ஏஜென்ட் மூலம் வாங்கினால் ஸ்டார் என்ற டிக்கெட் முகவர் சங்கத்தில் உறுப்பினரா என்று சரிபாருங்கள். தகராறு வந்தால் முறையிட அங்கே ஏற்பாடு உண்டு. 2025 ஏப்ரல் முதல், தவிர்க்க முடியாத கட்டணங்களை முதலில் காட்டும் விலையிலேயே சேர்க்க வேண்டும் என்பது பிரிட்டனில் சட்டம். கடைசிப் பக்கத்தில் கட்டாயச் சேவைக் கட்டணம் திடீரென்று முளைத்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

தேதியில் பிடிவாதம் இல்லாவிட்டால் லெஸ்டர் சதுக்கத்தில் உள்ள டிகேடிஎஸ் சாவடிக்குப் போகலாம். (உங்கள் ஊர்ப் பெயர்தான், இடம் லண்டனில்!) லண்டன் அரங்குகளின் சங்கமே நடத்துவது. அன்றைய நாளுக்கும் அடுத்த சில நாட்களுக்கும் தள்ளுபடியில் கிடைக்கும். சனிக்கிழமை இரவைத் தவிர்த்து வார நாளுக்கு வைத்துக்கொண்டால் பெரும்பாலும் விலை இறங்கும்.

கேள்வி: விளம்பரத்தில் பார்த்த நடிகை அன்று வரவில்லை, மாற்று நடிகை நடித்தார். பணம் கேட்கலாமா?

பதில்: முடியாது. டிக்கெட் விதிகளில் நடிகர்கள் மாறலாம் என்று எழுதியிருப்பார்கள். ஆனால் அந்த மாற்று நடிகையைக் குறைவாக எண்ண வேண்டாம். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வேடங்களின் பாட்டும் ஆட்டமும் தெரிந்து, மதியம் தகவல் வந்தால் மாலையில் மேடையேறுகிறவர்கள் அவர்கள்.

கேள்வி: அம்மாவால் படி ஏற முடியாது, கைத்தடியோடு நடப்பார். லண்டன் வெஸ்ட் எண்ட் நாடக அரங்குக்குக் கூட்டிப் போகலாமா? பத்து வயது மகளும் வருகிறாள்.

பதில்: தாராளமாக. ஆனால் பொதுத் தளத்தில் வாங்காதீர்கள். அரங்கத்தின் அணுகல் உதவி எண்ணில் பேசி, எத்தனை படி, கழிப்பறை எவ்வளவு தூரம் என்று கேட்டு வாங்குங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கும் உடன் வருபவருக்கும் பல அரங்குகளில் சலுகை உண்டு. மகளைப் பொறுத்தவரை, மம்மா மியாவின் கதையே அம்மாவின் பழைய காதல்கள் மூன்றைப் பற்றியது என்று சொல்லிவிடுகிறேன். ஆபாசம் இல்லை, ஆனால் வீடு திரும்பும் வழியில் கேள்விகள் வரும்.

வழியையும் யோசியுங்கள். நோவெல்லோவுக்குப் பக்கத்தில் உள்ள சுரங்க ரயில் நிலையங்களில் ஒன்று கோவென்ட் கார்டன். அங்கே மேலே வர லிஃப்ட், இல்லையென்றால் 193 படிகள் கொண்ட சுழல் படிக்கட்டு. நாடகம் முடியும் நேரத்தில் லிஃப்ட் வாசலில் கூட்டம் நெரியும். ஆல்ட்விச்சில் நிற்கும் பஸ்ஸைப் பிடியுங்கள். இறங்கினால் சில நிமிட நடைதான், தரைக்குக் கீழே இறங்கவே வேண்டாம்.