நாய்க்குத் திடீரென்று வயிறு கெட்டால்: கால்நடை மருத்துவர் பதில்கள்

கே: மூன்று வயது லாப்ரடார். நேற்று விருந்தில் யாரோ பிரியாணி போட்டுவிட்டார்கள். காலையிலிருந்து நாலு தடவை தண்ணியாகக் கழிந்துவிட்டான். வாந்தி இல்லை, வாலாட்டுகிறான். (மதுரை)

ப: வாலாட்டுகிறான் என்றீர்களே, நல்லது. மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். ஈறு காய்ந்து பிசுபிசுத்தாலோ வெளுத்திருந்தாலோ உடம்பில் நீர் வற்றிவிட்டது, மருத்துவமனைக்குப் போங்கள். ஈறு நன்றாக இருந்தால் இன்று ஒரு வேளை சாப்பாட்டை நிறுத்தலாம். தண்ணீரை நிறுத்தவே கூடாது. அப்புறம் தோலுரித்த கோழியை உப்பு, எண்ணெய், மசாலா எதுவும் இல்லாமல் வேகவைத்து, குழைந்த சோற்றில் பிசைந்து நாலைந்து வேளையாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். கழிச்சல் கட்டிய பிறகு மெல்லப் பழைய சாப்பாடு.

பிரியாணி என்பதால் இன்னும் சில நாள் கவனியுங்கள். கொழுப்பு அதிகமானால் கணையம் வீங்கும்: விடாத வாந்தி, முன்னங்காலை நீட்டிக் குனிந்து பின்புறத்தைத் தூக்கி நிற்பது. வெங்காயம் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்; ஈறு வெளுப்பதும் சிறுநீர் கறுப்பதும் சில நாள் கழித்துத்தான் தெரியும்.

கே: இரண்டரை மாதக் குட்டி. ஒரு ஊசி போட்டாயிற்று. வாந்தி, நாற்றமடிக்கும் கழிச்சல். ஒரு நாள் பட்டினி போடலாமா சார்?

ப: கூடாது. குட்டியைப் பட்டினி போட்டால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். பார்வோவாக (குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய்) இருக்கலாம், இன்றே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். ஒரு ஊசி போதாது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி தடுப்பூசியை வேலை செய்ய விடாது. அதனால்தான் 3-4 வாரத்துக்கு ஒன்றாக, 16 வார வயது ஆகும்வரை போடுகிறோம். வீட்டை பிளீச்சிங் கரைசலால் கழுவுங்கள், பினாயிலை நம்பாதீர்கள். வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும்.

கே: எங்களுக்குக் கொடுக்கிற பேதி மாத்திரையில் பாதி?

ப: வேண்டாம். வீட்டு மாத்திரை டப்பாவைத் திறக்காதீர்கள்.

கே: தயிர் சாதம்?

ப: தயிர் பழகிய நாய்க்குக் கொஞ்சம் கொடுக்கலாம். பால் வேண்டாம். ஊறுகாய் தொட்ட கையால் பிசையாதீர்கள்.

கே: தயிரே ஆகாது என்று எங்கள் டாக்டர் சொன்னாரே?

ப: பாலைவிடத் தயிரில் லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை குறைவு, சில நாய்களுக்கு அதுவும் ஒத்துக்கொள்ளாது. உங்கள் நாயைப் பார்த்தவர் அவர். அவர் சொன்னபடி செய்யுங்கள்.

கே: இதெல்லாம் சீமை நாய்க்குத்தான் டாக்டர். எங்கள் தாத்தா வளர்த்த ராஜபாளையம், சிப்பிப்பாறை எல்லாம் கூழும் எலும்பும் தின்றே வளர்ந்தன.

ப: கூழில் குற்றமில்லை. வேகவைத்த எலும்பு கூராகச் சிதறும். குடலுக்கு ஜாதி தெரியாது. செத்த குட்டிகளைப் பற்றித் தாத்தாக்கள் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

கே: எலும்பு தின்றால்தானே பல் உறுதியாகும்?

ப: எலும்பைப் பற்றி முந்தைய பதிலில் சொன்னதைப் படியுங்கள்.

கே: காய்ச்சல் மாதிரி இருக்கிறது, பாரசிட்டமால்...

ப: டப்பாவை மூடுங்கள் என்றேன்.

கே: உண்ணிக்கு எந்த ஷாம்பூ?

ப: இன்று வயிறு மட்டும்.

கே: கிரேட் டேன், ஏழு வயது. சாப்பிட்டு ஒரு மணி நேரம். வயிறு மேளமாக இருக்கிறது. வாந்திக்கு ஓங்கரிக்கிறது, ஒன்றும் வரவில்லை. சீரகத் தண்ணீர் கொடுக்கலாமா?

ப: எதுவும் கொடுக்காதீர்கள். இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம், அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே வண்டியை எடுங்கள், போகும் வழியில் அவர்களுக்குப் போன் செய்யுங்கள்.